எங்கிருந்து பார்த்தால்? ஜாவா வெப் அப்ளிகேஷன்களில் வழி தவறும் கோப்புகள்

ஜாவாவில் வெப் அப்ளிகேஷன் கட்ட உதவும் ஸ்பிரிங் பூட்டில் எழுதிய ஒரு சின்ன அப்ளிகேஷன். வாடிக்கையாளர் ரசீதைப் படமெடுத்து ஏற்றுவார், அது சர்வரில் ஒரு ஃபோல்டரில் போய் உட்கார வேண்டும். அவ்வளவுதான் வேலை. சில வருடங்களுக்கு முன் நான் இருந்த ஒரு டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் இதை எழுதியிருந்தார். "ரசீதுகள்" என்ற பெயருக்கு ஒரு ஃபைல் ஆப்ஜெக்ட். அந்த ஃபோல்டர் இருக்கிறதா என்று எக்ஸிஸ்ட்ஸ் மெத்தடால் ஒரு சோதனை. இல்லையென்றால் எம்கேடிர்ஸ் கூப்பிட்டு உருவாக்கு. அப்புறம் ஏற்றிய கோப்பைக் குறிக்கும் மல்டிபார்ட்ஃபைலின் டிரான்ஸ்ஃபர்டூ மெத்தடிடம் "ரசீதுகள்/101.ஜேபிஜி" என்ற ஃபைலைக் கொடுத்துவிடு. நாலைந்து வரி. யார் படித்தாலும் தப்பு கண்ணில் படாது.

ஓடவிட்டால் ஃபைல்நாட்ஃபவுண்ட் எக்ஸெப்ஷன். அப்படி ஒரு கோப்போ ஃபோல்டரோ கிடையாது என்கிறது. தம்பி ஐடிஇயின் (கோடு எழுதி ஓட்டிப் பார்க்கும் கருவி) இடது பக்கத்தைக் காட்டுகிறார், ரசீதுகள் ஃபோல்டர் கண்ணெதிரே இருக்கிறது. எக்ஸிஸ்ட்ஸ் மெத்தடும் ட்ரூ என்றே சொல்கிறது. "இருக்குன்னும் சொல்லுது, இல்லைன்னும் சொல்லுது அண்ணே" என்றார். பெர்மிஷன் கோளாறாக இருக்கும் என்று ஒருவர் எல்லோருக்கும் எல்லா உரிமையும் தரும் 777 கொடுத்துப் பார்த்தார். இன்னொருவர் பாதைக்கு முன்னால் ஒரு புள்ளியும் ஸ்லாஷும் சேர்த்தார், அப்புறம் இரண்டு புள்ளி. அரை நாள் இப்படியே போனது.

விடை எரர் மெசேஜிலேயே இருந்தது. யாரும் அந்த வரியைக் கடைசி வரை படிக்கவில்லை, அவ்வளவுதான். அதில் இருந்த பாதை /டெம்ப் என்று தொடங்கி, டாம்கேட் என்ற வெப் சர்வரின் பெயரோடு போர்ட் எண்ணும் ஒரு நீளமான எண்ணும் ஒட்டிய ஃபோல்டருக்குள் நுழைந்து, வொர்க், டாம்கேட், லோக்கல்ஹோஸ்ட், ரூட் என்று படிப்படியாக இறங்கி, கடைசியில்தான் ரசீதுகள்/101.ஜேபிஜி என்று முடிந்தது.

எக்ஸிஸ்ட்ஸும் எம்கேடிர்ஸும் ஜாவாவின் சொந்த மெத்தடுகள். அவற்றுக்கு அரைப் பாதையை, அதாவது டிஸ்கின் உச்சியான ரூட்டில் இருந்து தொடங்காத பாதையை, கொடுத்தால், ஜாவா நிரலை ஓட்டும் ஜேவிஎம் எந்த ஃபோல்டரில் இருந்து கிளப்பப்பட்டதோ அங்கிருந்து எண்ணும். ஐடிஇயில் அது ப்ராஜெக்ட் ஃபோல்டர், எனவே ரசீதுகள் அங்கே பிறந்தது. டிரான்ஸ்ஃபர்டூ வேறு ஆள். அது உள்ளே போய், ஜாவா வெப் சர்வர்களுக்குப் பொதுவான செர்வ்லெட் விதிகளில் வரும் பார்ட் என்ற இன்டர்ஃபேஸில் உள்ள ரைட் மெத்தடைக் கூப்பிட்டு, நாம் கொடுத்த பாதையை வெறும் ஸ்டிரிங்காக ஒப்படைக்கிறது. 2009இல் வந்த செர்வ்லெட் 3.0 விதிப்படி அந்த ஸ்டிரிங், அப்லோடுக்கான அமைப்பான மல்டிபார்ட் கான்ஃபிக்கில் குறித்த லொக்கேஷனில் இருந்து எண்ணப்படும். லொக்கேஷன் எதுவும் குறிக்காவிட்டால் கண்டெய்னரின், அதாவது டாம்கேட் போன்ற சர்வரின், தற்காலிக ஃபோல்டர்தான் தொடக்கம். டாம்கேட் விதியைப் பின்பற்றியது. அதன் தற்காலிக ஃபோல்டருக்குள் ரசீதுகள் என்று ஒன்று இல்லை, எனவே இல்லை என்றது. இரண்டு மெத்தடும் உண்மையைத்தான் சொன்னன. ஒரே ஆப்ஜெக்டை இரண்டு பேர் இரண்டு இடத்தில் நின்றுகொண்டு பார்த்தார்கள்.

கொஞ்சம் கூடத் தோண்டினால் இன்னும் வேடிக்கை. டாம்கேட்டும் அண்டர்டோ என்ற சர்வரும் முழுப் பாதை கொடுத்தால் அடையாளம் கண்டு அந்த இடத்திலேயே எழுதும். ஜெட்டி என்ற சர்வர் அப்படி இல்லை, முழுப் பாதையைக்கூடத் தன் தற்காலிக ஃபோல்டருக்குள் இழுத்துக்கொள்ளக்கூடும். ஸ்பிரிங்கின் சோர்ஸ் கோடில் இதற்கென்றே ஒரு கமென்ட்டும் ஒரு மாற்று ஏற்பாடும் இருக்கின்றன: பாதை முழுப் பாதையாக இருந்து, எழுதி முடித்த பிறகும் கோப்பு அங்கே இல்லையென்றால், ஸ்பிரிங் தானே ஒரு நகல் எடுத்து அங்கே வைத்துவிடும். அரைப் பாதைக்கு இந்த உபகாரம் கிடையாது.

ஸ்பிரிங் 5.1இல் டிரான்ஸ்ஃபர்டூவுக்கு இன்னொரு வடிவம் சேர்ந்தது. அது ஃபைலுக்குப் பதில் ஜாவாவின் இன்னொரு கோப்பு லைப்ரரியான என்ஐஓவின் பாத் ஆப்ஜெக்டை வாங்கும். இது பார்ட்டின் ரைட்டைத் தொடுவதே இல்லை, ஸ்டிரீமைத் திறந்து நேராக நகலெடுக்கிறது. ஆக அரைப் பாதை கொடுத்தால் ஜேவிஎம் கிளம்பிய ஃபோல்டரில் போய் விழும். ஒரே மெத்தட் பெயர், ஒரே "ரசீதுகள்/101.ஜேபிஜி". ஃபைலாகக் கொடுத்தால் ஓரிடம், பாத்தாகக் கொடுத்தால் வேறிடம். யாராவது ஒருவர் கோடைச் சுத்தம் செய்கிறேன் என்று ஃபைலைப் பாத்தாக மாற்றினால் ஏற்றும் படங்கள் சத்தமில்லாமல் இடம் மாறிவிடும். ரிவ்யூவில் இதைப் பிடிப்பவர் கெட்டிக்காரர்.

இதையெல்லாம் பார்த்த பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. பாதைக் கோளாறு என்று யார் வந்தாலும் பாதையைப் பார்ப்பதில்லை, அதை எங்கிருந்து எண்ணுகிறார்கள் என்பதைத்தான் முதலில் கேட்கிறேன். ஜாவா வெப் அப்ளிகேஷன் ஒன்றில் அந்த "எங்கிருந்து" குறைந்தது ஐந்து இடங்களாக இருக்கலாம்: ஜேவிஎம் கிளம்பிய ஃபோல்டர், கிளாஸ்பாத் (ஜாவா கிளாஸ்களையும் அவற்றோடு வரும் கோப்புகளையும் தேடும் இடம்), வெப் அப்ளிகேஷனின் ரூட், இப்போது பார்த்த மல்டிபார்ட் லொக்கேஷன், கடைசியாக பிரவுசரின் அட்ரஸ் பாரில் தெரியும் யூஆர்எல். ஐந்துக்கும் எழுதும் ஸ்டிரிங் ஒரே மாதிரி இருக்கும்.

முதல் இடத்தைத்தான் அதிகம் பேர் நம்பி ஏமாறுகிறார்கள். அதை வொர்க்கிங் டைரக்டரி என்போம். ஜாவா அதை யூசர்.டிர் என்ற சிஸ்டம் ப்ராப்பர்ட்டியில் வைத்திருக்கிறது. நம் கோடு எங்கே இருக்கிறது, அதைக் கட்டி வைத்த ஜார் கோப்பு எங்கே இருக்கிறது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கிளப்பியவர் எங்கே நின்றார் என்பது மட்டும்தான் கணக்கு.

கிளப்புகிறவர்கள் பல ரகம். இன்டெல்லிஜே ஐடிஇயில் மெயின் மெத்தடை ஓட்டினால் வழக்கமாக ப்ராஜெக்ட்டின் மேல் ஃபோல்டர். அதே ப்ராஜெக்ட்டில் பல மாட்யூல்கள் இருந்து, பில்ட் கருவியான மேவன் வழியாக டெஸ்ட்களை ஓட்டினால் அந்தந்த மாட்யூலின் ஃபோல்டர். "ஐடிஇயில் பாஸ், பில்டில் ஃபெயில்" என்ற புகாரில் பாதி இதுதான். எக்லிப்ஸ் ஐடிஇயில் இருந்து டாம்கேட்டைக் கிளப்பினால் பெரும்பாலும் எக்லிப்ஸையே நிறுவி வைத்திருக்கும் ஃபோல்டர். டாம்கேட்டின் "பின்" என்ற ஃபோல்டருக்குள் போய் ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்டை ஓட்டினால் அந்த "பின்" ஃபோல்டரே. லினக்ஸில் சர்வீஸ்களை நடத்தும் சிஸ்டம்டியில் சர்வீஸாகப் போட்டு, யூனிட் கோப்பில் வொர்க்கிங்டைரக்டரி வரியை எழுத மறந்தால் வெறும் ஸ்லாஷ், அதாவது ரூட். நேரம் குறித்து வேலைகளை ஓட்டும் கிரானில் ஓட்டினால் அந்தப் பயனரின் ஹோம். விண்டோஸ் சர்வீஸ் என்றால் ஒன்றும் சொல்லாதபட்சத்தில் சிஸ்டம்32. டாக்கரில் வொர்க்டிர் எழுதாத இமேஜுக்கு மறுபடியும் ரூட்.

சரி, கிளம்பிய பிறகு உள்ளிருந்தே மாற்றிக்கொண்டால் என்ன? ஷெல்லில் சிடி போடுகிற மாதிரி ஜாவாவில் ஒன்று கிடையாது. அதற்கு நியாயம் உண்டு. வொர்க்கிங் டைரக்டரி என்பது ப்ராசஸ் முழுவதற்கும் ஒன்றே ஒன்று. ஒரே டாம்கேட்டில் நான்கு அப்ளிகேஷன், ஒவ்வொன்றிலும் நூறு த்ரெட் ஓடும்போது, ஒரு த்ரெட் தன் வசதிக்கு ஃபோல்டரை மாற்றினால் மற்ற எல்லோருடைய காலுக்குக் கீழேயும் தரை நகரும். சிலர் யூசர்.டிர் ப்ராப்பர்ட்டியின் மதிப்பை செட்ப்ராப்பர்ட்டி கொண்டு மாற்றிப் பார்ப்பார்கள். பழைய ஜாவாக்களில் இது பாதி வேலை செய்தது, அதுதான் ஆபத்து. முழுப் பாதையைக் கேட்டால் புது மதிப்பை வைத்துப் பதில் வரும், கோப்பைத் திறந்தால் ஆபரேட்டிங் சிஸ்டம் பழைய ஃபோல்டரில் தேடும். ஜாவா 11இல் இருந்து ஃபைல் கிளாஸ் தொடக்கத்தில் இருந்த மதிப்பையே பிடித்து வைத்துக்கொள்கிறது, நடுவில் மாற்றினால் கண்டுகொள்வதில்லை. பழைய அப்ளிகேஷனை எட்டில் இருந்து பதினொன்றுக்கு ஏற்றியபோது இந்தத் தந்திரம் உடைந்துபோனவர்கள் உண்டு.

இதுவரை சொன்ன ரகங்களில் பெரும்பாலும் எரராவது வரும். வராத ரகம்தான் தூக்கத்தைக் கெடுப்பது. "பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்துத் தெரு, மூன்றாவது வீடு" என்று ஒருவர் வழி சொன்னால், எந்த ஊரில் இறங்கினாலும் ஒரு பிள்ளையார் கோயில் கிடைக்கும், பக்கத்தில் ஒரு தெருவும் அதில் மூன்றாவதாக ஒரு வீடும் கிடைக்கும். கதவைத் தட்டிய பிறகுதான் யாரோ எட்டிப் பார்த்து, யார் வேண்டும் என்பார்கள்.

ஒரே கோப்பில் வாழும் டேட்டாபேஸான எஸ்க்யூலைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இணைப்பு யூஆர்எல்லில் வெறும் "கடை.டிபி" என்று எழுதியிருக்கிறீர்கள். சர்வரில் வொர்க்கிங் டைரக்டரி மாறிவிட்டது. எஸ்க்யூலைட் தேடும், கிடைக்காது, உடனே அதே பெயரில் காலியாக ஒரு டேட்டாபேஸை உருவாக்கிவிடும். நல்ல வேளையாக அடுத்த நொடியே "அப்படி ஒரு டேபிள் இல்லை" என்ற எரர் வந்தால் தப்பித்தீர்கள். டேட்டாபேஸோடு பேசும் லைப்ரரியான ஹைபர்நேட்டில் டேபிள்களைத் தானே உருவாக்கிக்கொள்ளும் அமைப்பை ஆன் செய்து வைத்திருந்தால் அதுவும் வராது. எல்லா டேபிளும் இருக்கும், ஒரு வரிகூட இருக்காது. டேட்டா எல்லாம் அழிந்துபோயிற்று என்று அலறிக்கொண்டு ஃபோன் வரும். பழைய கோப்பு வேறொரு ஃபோல்டரில் அப்படியே நிம்மதியாக இருக்கும்.

எச்2 டேட்டாபேஸ் இந்த விஷயத்தில் ஒரு நல்ல முடிவை எடுத்தது. யூஆர்எல்லில் வெறும் பெயரை மட்டும் கொடுத்தால், வொர்க்கிங் டைரக்டரியை மறைமுகமாக நம்பும் பாதையை ஏற்க மாட்டேன், முழுப் பாதை கொடு, அல்லது ஹோமைக் குறிக்கும் அலைக்குறி போடு, இல்லையேல் புள்ளியும் ஸ்லாஷும் போட்டு வெளிப்படையாகச் சொல் என்று எரர் கொடுத்து நிறுத்திவிடுகிறது. புள்ளி-ஸ்லாஷ் போட்டாலும் எண்ணுவது அதே இடத்தில் இருந்துதான். ஆனால் எழுதுகிறவர் தெரிந்து எழுதுகிறார். இன்னும் பல லைப்ரரிகள் இப்படிக் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சத்தமில்லாமல் ஏமாற்றுவதில் ஸ்பிரிங் பூட்டும் சளைத்ததில்லை. அப்ளிகேஷன்.ப்ராப்பர்ட்டீஸ் கோப்பை ஜாருக்குள் மட்டும் தேடாமல் "இப்போதைய ஃபோல்டரிலும்" அதன் அடியில் உள்ள கான்ஃபிக் ஃபோல்டரிலும் தேடும், வெளியே கிடைப்பது உள்ளே இருப்பதை மீறும். பலர் இதை "ஜாருக்குப் பக்கத்தில் வைத்தால் எடுத்துக்கொள்ளும்" என்று ஞாபகம் வைத்திருக்கிறார்கள். ஜார் இருக்கும் ஃபோல்டருக்குள் நின்று ஓட்டும்வரை இரண்டும் ஒன்றுதான். சர்வீஸாக மாற்றியதும் இப்போதைய ஃபோல்டர் ரூட் ஆகிவிடும், பக்கத்தில் வைத்த கோப்பு அனாதையாகிவிடும். அப்ளிகேஷன் குறை சொல்லாமல் ஜாருக்குள் இருக்கும் டெவலப்மென்ட் அமைப்புகளோடு எழுந்து 8080இல் நிற்கும். லாக் கோப்புக்கும் இதே கதி. லாக் எழுதும் லைப்ரரியான லாக்பேக்கின் அமைப்பில் அரைப் பாதை இருந்தால் லாகும் அந்தப் புது இடத்துக்கே போகும், பழைய லாகைத் திறந்து வைத்துக்கொண்டு ஏன் ஒன்றுமே வரவில்லை என்று விழிப்போம்.

அடுத்தது கிளாஸ்பாத். இங்கே நடக்கும் பிழைகளின் வேர் ஒன்றுதான்: ஐடிஇயில் ஃபோல்டராக இருந்தது சர்வரில் ஒரு ஜாருக்குள் இருக்கும் பெயராக மாறிவிடுகிறது. மெயிலுக்கான டெம்ப்ளேட்டைப் படிக்க "எஸ்ஆர்சி/மெயின்/ரிசோர்சஸ்" என்று தொடங்கும் பாதையை எழுதியிருந்தால் உங்கள் லேப்டாப்பில் ஓடும், ஏனென்றால் அங்கே சோர்ஸ் கோடு இருக்கிறது. சர்வரில் சோர்ஸ் ஏது? அதைத் திருத்தி கிளாஸ்பாத் ரிசோர்ஸாக மாற்றுவார்கள், ஆனால் அடுத்த வரியில் கெட்ஃபைல் என்று கூப்பிடுவார்கள். ஜாருக்குள் இருக்கும் ஒன்றைக் கோப்பாகக் கொடுக்க முடியாது. அது ஃபைல் சிஸ்டத்தில் இல்லாததால் முழுப் பாதையாக மாற்ற முடியவில்லை என்று ஸ்பிரிங் கையை விரிக்கும். கெட்இன்புட்ஸ்ட்ரீம் என்று கேட்டிருந்தால் இரண்டு இடத்திலும் ஓடியிருக்கும். எரரில் வரும் பாதையின் நடுவே ஆச்சரியக்குறி தெரிந்தால் ஜாருக்குள் எட்டிப் பார்க்கிறீர்கள் என்று புரிந்துகொள்ளலாம். செர்வ்லெட்டின் கெட்ரியல்பாத்தும் இதே குடும்பம்: வெப் அப்ளிகேஷனைக் கட்டி வைத்த வார் கோப்பை விரிக்காமல் ஓட்டும் சர்வரில் அது நல் (ஒன்றுமில்லை) என்று திருப்பும்.

டெம்ப்ளேட்டில் இருந்து பக்கங்களை உருவாக்கும் தைம்லீஃபில் ஒரு பிழை இதைவிட நுணுக்கம். கன்ட்ரோலர் "முகப்பு" என்ற வியூ பெயரைத் திருப்புவதற்குப் பதில் முன்னால் ஒரு ஸ்லாஷ் போட்டு "/முகப்பு" என்று திருப்புகிறது. டெம்ப்ளேட் ஃபோல்டரைக் குறிக்கும் ப்ரீஃபிக்ஸ் ஏற்கெனவே ஸ்லாஷில் முடிவதால் சேர்த்துப் பார்த்தால் நடுவில் இரட்டை ஸ்லாஷ். ஐடிஇயில் அது நிஜமான ஃபோல்டர் பாதை, ஆபரேட்டிங் சிஸ்டம் இரண்டு ஸ்லாஷை ஒன்றாக எடுத்துக்கொள்ளும். ஜாருக்குள் ஃபோல்டர் என்று நிஜமாக ஒன்றும் இல்லை, நீளமான பெயர்கள்தான் இருக்கின்றன. பெயரில் ஒரு எழுத்து கூடினாலும் அது வேறு பெயர். டெம்ப்ளேட் கிடைக்கவில்லை என்று வரும். பெரிய எழுத்து, சின்ன எழுத்துத் தகராறும் இதே வகை. விண்டோஸில் லோகோ என்பதன் முதல் எழுத்தைப் பெரிதாக எழுதினாலும் சிறிதாக எழுதினாலும் திறக்கும், லினக்ஸிலும் ஜாரிலும் திறக்காது. (தமிழில் கோப்புக்குப் பெயர் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை என்று ஒரு நண்பர் சொல்வார். வேறு தொல்லைகள் வரும்.)

முன்னால் நிற்கும் ஒற்றை ஸ்லாஷ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது எதைக் குறிக்கிறது என்பது யாரிடம் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. கிளாஸின் கெட்ரிசோர்ஸிடம் ஸ்லாஷ் இல்லாமல் கேட்டால் அந்த கிளாஸின் பேக்கேஜில் தேடும், ஸ்லாஷோடு கேட்டால் கிளாஸ்பாத்தின் வேரில் தேடும். கிளாஸ்லோடரின் கெட்ரிசோர்ஸிடம் ஸ்லாஷோடு கேட்டால் பெரும்பாலும் நல்தான் வரும். ஃபைலின் கன்ஸ்ட்ரக்டரில் முதலில் "/தரவு" என்றும் அடுத்து "/101.ஜேபிஜி" என்றும் கொடுத்தால் இரண்டையும் ஒட்டி /தரவு/101.ஜேபிஜி என்று ஆக்கும். 2011இல் ஜாவா 7 கொண்டுவந்த பாத்தின் ரிசால்வ் மெத்தடிடம் அதையே கொடுத்தால், இரண்டாவது முழுப் பாதை என்று முடிவுகட்டி முதல் பாதியைத் தூக்கி எறிந்துவிடும். மிஞ்சுவது /101.ஜேபிஜி, அதாவது சர்வரின் ரூட். பழைய கோடைப் புதிய ஏபிஐக்கு மாற்றுகிறவர்கள் இந்த ஒரு இடத்தில் கவனமாக இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் மிஞ்சுவது, எக்ஸ்எம்எல் அமைப்புக் கோப்புகளைப் படிக்கும் ஸ்பிரிங்கின் ஃபைல்சிஸ்டம்எக்ஸ்எம்எல் அப்ளிகேஷன்கான்டெக்ஸ்ட். அதற்குக் கொடுக்கும் பாதை ஸ்லாஷில் தொடங்கினாலும் அரைப் பாதையாகவே எடுத்துக்கொள்ளும். வரலாற்றுக் காரணங்களால் அப்படி என்று ஸ்பிரிங்கின் ஆவணத்திலேயே எச்சரிக்கை இருக்கிறது. நிஜமான முழுப் பாதை வேண்டுமென்றால் முன்னால் ஃபைல், முக்காற்புள்ளி என்று ப்ரீஃபிக்ஸ் போட வேண்டும். இப்போது எக்ஸ்எம்எல் அமைப்பை யாரும் புதிதாக எழுதுவதில்லை, ஆனால் வங்கிகளிலும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளிலும் பழைய அப்ளிகேஷன்களைப் பராமரிக்கிறவர்கள் ஒருநாள் சந்தித்தே தீர்வார்கள்.

பிரவுசர் பக்கம் விஷயம் எளிது. பக்கத்தை உருவாக்கும் ஜேஎஸ்பி கோப்பு சர்வரில் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று பிரவுசருக்குத் தெரியாது, அட்ரஸ் பாரில் இருப்பது மட்டுமே தெரியும். பக்கம் /ஆர்டர்கள்/15 என்ற முகவரியில் திறந்திருக்கும்போது "ஸ்டைல்/முதன்மை.சிஎஸ்எஸ்" என்று எழுதினால் அது /ஆர்டர்கள்/ஸ்டைல் என்றே தேடும். முன்னால் ஸ்லாஷ் போட்டால் சரியாகும், அப்ளிகேஷன் டாம்கேட்டில், முகவரியின் முன்பகுதியான /கடை போன்ற ஒரு கான்டெக்ஸ்ட் பாத்தின் கீழ் ஏறும்வரை. தைம்லீஃபின் அட் குறி லிங்குகளும் ஜேஎஸ்டிஎல்லின் யூஆர்எல் டேகும் கான்டெக்ஸ்ட் பாத்தைத் தாமே சேர்த்துக்கொள்ளும், அவற்றைப் பயன்படுத்தினால் போதும்.

கோளாறு வந்துவிட்டால் எப்படிப் பிடிப்பது? புள்ளிகளைக் கூட்டிக் குறைத்துப் பார்ப்பது வேண்டாம். இரண்டு புள்ளி, ஸ்லாஷ், இரண்டு புள்ளி என்று ஓடும்வரை சேர்த்துக்கொண்டே போனால் உங்கள் லேப்டாப்புக்கு மட்டும் பொருந்தும் ஒரு பாதை கிடைக்கும். முதலில், பிழை வரும் வரிக்கு மேலே கெட்அப்சொல்யூட்பாத்தை அழைத்து லாகில் எழுதுங்கள். ஆனால் டிரான்ஸ்ஃபர்டூ கதையில் பார்த்தபடி இது வொர்க்கிங் டைரக்டரியை வைத்துச் சொல்லும் பதில், நடுவில் உள்ள ஃப்ரேம்வொர்க் வேறு தொடக்கத்தை எடுத்தால் இது பொய் சொல்லும். எனவே எக்ஸெப்ஷனில் வரும் பாதையோடு ஒப்பிடுங்கள். இரண்டும் வேறாக இருந்தால் குற்றவாளி நடுவில் இருக்கிறது என்று பொருள்.

கோடைத் தொட முடியாத ப்ரொடக்ஷன் சர்வர் என்றால் வெளியில் இருந்து பார்க்கலாம். லினக்ஸில் /ப்ராக் ஃபோல்டருக்குள் அந்த ப்ராசஸ் எண்ணின் கீழ் சிடபிள்யூடி என்ற லிங்க் இருக்கும், அது காட்டும் இடம்தான் வொர்க்கிங் டைரக்டரி. ஜேகமாண்ட் கருவியில் சிஸ்டம் ப்ராப்பர்ட்டிகளைக் கேட்டாலும் யூசர்.டிர் தெரியும். அப்பவும் புரியாவிட்டால் ப்ராசஸ் கெர்னலிடம் கேட்பதைக் காட்டும் எஸ்ட்ரேஸ் போட்டு, கோப்பு திறக்கும் அழைப்புகளை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். கெர்னலிடம் கடைசியாக எந்தப் பெயர் போய்ச் சேர்ந்தது என்று அதில் அப்பட்டமாகத் தெரியும். சத்தமில்லாத ரகத்துக்கு ஃபைண்ட் கமாண்டுக்கு மேல் மருந்தில்லை: சர்வர் முழுக்க அந்தக் கோப்புப் பெயரைத் தேடுங்கள். இரண்டு இடத்தில் கிடைத்தால் கதை வெளிவந்துவிட்டது.

சரிசெய்வதற்கு நான் கையாளும் வழி பழையதுதான். தொடக்க ஃபோல்டரை அமைப்பில் முழுப் பாதையாக வாங்குவேன். அப்ளிகேஷன் எழும்போதே அது முழுப் பாதைதானா, இருக்கிறதா, எழுத முடிகிறதா என்று பார்த்து, இல்லையென்றால் அங்கேயே விழ விடுவேன், லாகின் முதல் பக்கத்தில் அந்தப் பாதையை அச்சிடுவேன். மற்ற எல்லாம் அந்த ஒன்றில் இருந்து ரிசால்வ் ஆகும். டேட்டாபேஸில் சேமிப்பது மட்டும் அரைப் பாதையாகவே இருக்கட்டும், இல்லையேல் டிஸ்க் மாறும் நாளில் லட்சம் வரிகளைத் திருத்த வேண்டிவரும்.

வெளியில் இருந்து வரும் பெயரை ஒட்டும்போது இன்னொரு படி தேவை. ஏற்றுபவர் கோப்புப் பெயரிலேயே இரண்டு புள்ளிகளை வைத்து அனுப்பலாம், ஸ்லாஷில் தொடங்கி அனுப்பினால் ரிசால்வ் என்ன செய்யும் என்று மேலே பார்த்தோம். 2023 டிசம்பரில் வெளியான சிவிஇ-2023-50164 (பாதுகாப்புக் கோளாறுகளுக்குத் தரும் எண்) இப்படி ஒரு ஓட்டைதான். ஜாவா வெப் ஃப்ரேம்வொர்க்கான அப்பாச்சி ஸ்ட்ரட்ஸின் அப்லோட் பகுதியில் பாராமீட்டர் பெயரின் பெரிய, சின்ன எழுத்தை மாற்றி அனுப்பி, கோப்பை நினைத்த ஃபோல்டருக்குத் தள்ள முடிந்தது. 2.5.33, 6.3.0.2 பதிப்புகளில் அடைத்தார்கள். நம் பக்கம் செய்யக்கூடியது, ரிசால்வ் செய்து, நார்மலைஸ் செய்து (இரண்டு புள்ளிகளைக் கழித்து), கிடைத்தது தொடக்க ஃபோல்டருக்குள்தான் இருக்கிறதா என்று பார்ப்பது. பாத்தின் ஸ்டார்ட்ஸ்வித்தால் பாருங்கள். ஸ்டிரிங்கின் ஸ்டார்ட்ஸ்வித்தால் பார்த்தால் "/தரவு/படம்" என்பதற்கு "/தரவு/படம்2" உள்ளே உள்ளது மாதிரித் தெரியும்.

அந்த ரசீது அப்ளிகேஷனுக்கு வருகிறேன். தம்பி பாதையை முழுப் பாதையாக மாற்றினார், எல்லாம் ஓடியது. சில வாரம் கழித்து, எந்த டெப்ளாய்மென்டும் நடக்காத ஒரு காலையில் அப்லோட் மறுபடி நின்றது. தற்காலிக அப்லோட் லொக்கேஷன் செல்லாது என்று எரர். இந்த முறை நம் பாதையில் தப்பில்லை, டாம்கேட் நின்றிருந்த ஃபோல்டரே காணவில்லை. ரெட்ஹாட் வழிவந்த லினக்ஸ்களில் /டெம்ப்பில் பத்து நாள் யாரும் தொடாமல் கிடப்பதை சிஸ்டம்டி பெருக்கித் தள்ளிவிடும். பண்டிகை விடுமுறையில் யாரும் ரசீது ஏற்றவில்லை. சர்வர்.டாம்கேட்.பேஸ்டிர் என்ற அமைப்பில் /டெம்ப்புக்கு வெளியே ஓர் இடம் கொடுத்ததும் அது தீர்ந்தது.

அன்றைக்கே ஃபைண்ட் ஓட்டிப் பார்த்தோம். சர்வரில் ரசீதுகள் என்ற பெயரில் மூன்று ஃபோல்டர்கள் இருந்தன. ஒன்று ரூட்டுக்கு நேர் கீழே, காலியாக. ஒன்று யாரோ கையால் ஜாரை ஓட்டிப் பார்த்த ஹோமில், பதினேழு படங்களோடு. மூன்றாவதுதான் சரியானது. பதினேழையும் நகர்த்தி, காலி ஃபோல்டரை அழிக்கப் போனபோது தம்பி வேண்டாம் என்றார். அதில் எழுதும் உரிமையை மட்டும் எடுத்துவிட்டு அப்படியே விட்டார். மறுபடி யாராவது அங்கே எழுத முயன்றால் எரராவது வருமே என்றார்.